துடிக்கும் முட்டைகள்

எனக்குப் பொறுமை கிடையாது. மீன் முட்டைகளை வைத்து ஆராய்ச்சி செய்பவளுக்கு அது பெரிய குறை.

முட்டைக்குள் ஒரு நாள் வயதுக் குஞ்சு வாலை வெட்டி வெட்டி இழுக்கும். உள்ளே இருந்துகொண்டு எங்கே போகப்போகிறது? ஆனால் நரம்புகள் தாமாகவே இப்படித் துடித்துத்தான், எந்தத் தசையோடு சேர வேண்டும் என்று பழகிக்கொள்கின்றன. அந்த ஒரு நாள் துடிப்பை மயக்க மருந்தால் நிறுத்தினால், மறுநாள் மருந்தைக் கழுவிவிட்டாலும் குஞ்சு பிறகு நேராக நீந்தாது. இதுதான் என் கட்சி.

நிரூபிக்கத்தான் முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு தட்டு முட்டை. ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் தண்ணீர். மறுநாள் இரண்டிலும் தண்ணீர் மாற்றுவேன். நான்கு வாரத்தில் மூன்று வாரம், இரண்டு தட்டுக் குஞ்சுகளுமே கோணல்மாணலாகச் சுற்றின. "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா மூடிட்டு வேற வேலையப் பாரு" என்றார் புரொபசர். மூன்று வருட உழைப்பு. அழுகை வந்தது. அதை எரிச்சலாக மாற்றிக்கொண்டு மீன் அறைக்குப் போனேன்.

அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொட்டி அக்கா, கையில் சொட்டுக் குழாயோடு என் தண்ணீர்த் தட்டின் மேல் குனிந்திருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"ரெண்டு சொட்டு மயக்க மருந்தும்மா. வலிப்பு வந்த மாதிரி துடிக்குதுங்க, பாவம்."

"யாரு போடச் சொன்னது?"

"நீங்க மட்டும் போடலியா? அந்தத் தட்டுல இருக்கறதுங்க நிம்மதியா தூங்குது, இதுங்க கிடந்து துடிக்குது. படிச்சவங்க நீங்களே ஓரவஞ்சனை பண்ணலாமா?"

வாய்க்கு வந்தபடி கத்தியிருப்பேன். அதற்குள் ஒன்று உறைத்தது. "மூணாவது வாரமும் போட்டீங்களா?"

"அந்த வாரம் பல்லு புடுங்கிட்டு வீட்ல கிடந்தேனே."

தண்ணீர்த் தட்டுக் குஞ்சுகள் நேராக நீந்தியது அந்த வாரம் மட்டும்தான். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியிருந்தேன். வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புரொபசர் அதையும் வீடியோக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு இன்னும் ஆடுற பல்லு இருக்கான்னு கேளு" என்றார். ஆராய்ச்சி பிழைத்தது.

அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நாந்தான் இதுங்களக் கெடுத்துட்டேனா?"

"நானும்தான் கெடுத்தேன்க்கா. எனக்கு அதுக்குச் சம்பளமே குடுக்கறாங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டார். புதிய முட்டைகள் துடிக்கத் தொடங்கிய காலையில், மைக்ராஸ்கோப் திரைக்கு முன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"துடி கண்ணு, நல்லா துடி. யாரும் உன்னத் தொட மாட்டாங்க."

இன்னொரு தட்டுக்கான மருந்தைப் பின்னால் மறைத்தபடி, அவர் டீ குடிக்கப் போகும்வரை நான் பொறுமையாகக் காத்திருந்தேன்.