கோட்டைச்சாமி வாசல்

புதுவயலுக்குத் தெற்கே கோட்டைச்சாமிக்கு மூன்று ஏக்கர் நெல் வயல், ஒரு போர்வெல், இரண்டு மாடு, அவற்றை மேய்க்கிற பொறுமைகூட இல்லாத முன்கோபம். அந்தக் கோபத்தால் யாருக்காவது ஒரு நன்மை நடந்ததாக ஊரில் எவரும் சொன்னதில்லை. நஷ்டம் மட்டும் ஒன்று நடந்தது. அதற்குப் பெயர் முத்தரசு.

மகன் செத்து நான்கு மாதம் ஆகிறது. தான்சானியாவில் ஒரு அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்தவனை மலேரியாக் காய்ச்சல் ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. பெட்டியில் வந்த உடம்பைப் பார்த்து ஊரே அழுதது. கோட்டைச்சாமி அழவில்லை. மகனிடம் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று கிடந்தது. அதைப் பேச இனி ஆள் இல்லை என்பதே அவருக்கு இன்னும் மனதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் காளீஸ்வரி போனும் கையுமாக வந்தாள். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் அவள்.

"அப்பா, செத்த இங்குட்டு வாங்க. அண்ணன் விளையாண்ட கிளப்புல இருந்து எழுதியிருக்காக."

"எனக்கென்ன தெரியும். நீயே பாரு."

"ஒங்களைத்தான் கேக்குறாக."

அந்த ஆலைக்காரர்கள் ஆரம்பித்த ஃபுட்பால் கிளப்புக்கு இந்த வருடம் ஐம்பது வயது. கிளப்பின் கதையைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். அதில் ஒரு பக்கத்தைச் செயலாளர் அனுப்பியிருந்தார். காளீஸ்வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். முதல் பந்து, கந்தல் திணித்த சாக்குத் துண்டு. பல வருடம் தோற்றுத் தோற்றுத்தான் மேலே வந்தார்கள். ஒரே ஒரு வருடம் அந்த நாட்டின் பெரிய லீகில் ஆடி, அதே வருடம் கீழே இறங்கியும் விட்டார்கள். பிறகு ஆலை பதினான்கு மாதம் மூடிக் கிடந்தது. வெளியூர் போய் ஆட பஸ் இல்லை. கிளப்பைக் கலைத்துவிடலாம் என்று கூட்டம் போட்ட அன்று, இந்தியாவிலிருந்து வந்த ஃபிட்டர் ஒருவர் ஆலைக் கொட்டகையில் செத்துக் கிடந்த லாரியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அந்த வருடம் முழுக்க ஆட்டக்காரர்கள் அந்த லாரியில், காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துதான் போனார்கள். அவரும் ஆடுவார், சுமாராகத்தான் ஆடுவார் என்று புத்தகம் ஒளிக்காமல் எழுதியிருந்தது. ஆனால் லாரிச் சத்தம் கேட்டால் போதும், ஊரே 'கோட்டைச்சாமி, கோட்டைச்சாமி' என்று கத்துமாம்.

காளீஸ்வரி நிறுத்தினாள்.

"யாருன்னு?" என்றார் கோட்டைச்சாமி.

"ஒங்க பேருதான்பா போட்டிருக்கு. மைதானத்துக்குப் புதுசா வாசல் கட்டியிருக்காகளாம். கோட்டைச்சாமி வாசல்னு கல்லுல வெட்டி, பொறந்த வருசமும் செத்த வருசமும் போடப் போறாக. செவ்வாக்கெழமை வெட்டுறதுக்குள்ள பேரு சரிதானான்னு கேட்டுச் சொல்லணுமாம்."

அடுப்படியில் இருந்த அவர் மனைவி அக்கம்மாள் கரண்டியோடு வந்துவிட்டாள். "உசுரோட இருக்குற மனுசன் பேரையா செத்தவருன்னு கல்லுல வெட்டுறாக? ஒடனே மாத்தச் சொல்லுடி. எம்புள்ள பேரு முத்தரசு. அவன் பேரு இருக்கட்டும் அங்க."

காளீஸ்வரி பீரோவைத் திறந்தாள். பெட்டியோடு வந்த பச்சைச் சட்டை மடித்தபடியே இருந்தது. அதைப் பிரிக்க இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. இப்போது பிரித்து, முதுகுப் பக்கத்து எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"இதுலயும் அதே பேருதான்."

கோட்டைச்சாமி சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எட்டு வருடம் முன்னால் சிவகங்கையில் முத்தரசுக்குப் போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு. அனுமதிச் சீட்டையும் அவித்த முட்டையையும் வைத்துக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து உச்சிவரை மைதான வாசலில் நின்றார். நண்பனோடு வண்டியில் வந்துவிடுகிறேன் என்ற மகன் வரவே இல்லை. அவன் காரைக்குடியில் ஃபைனல் ஆடிக்கொண்டிருந்தான். சாயங்காலம் கோப்பையோடு சிரித்துக்கொண்டு வந்தவனை வாசற்படி ஏறவிடாமல் நிறுத்தி அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. "இனிமே கோட்டைச்சாமி மகன்னு எங்குட்டும் போயி நிக்காத. எம்பேரு ஒன் வாயில வரக்கூடாது."

அடுத்த மாதமே அவன் தான்சானியாவுக்கு விமானம் ஏறினான். நடுவில் ஒரு தடவை லீவில் வந்து பதினெட்டு நாள் இருந்தான். அப்போதும் அப்பனும் மகனும் அக்கம்மாள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். வாராவாரம் போன் வரும்போது கோட்டைச்சாமிக்கு மாட்டுக் கொட்டகையில் அவசர வேலை இருக்கும்.

"இது எங்கள் அப்பா பெயர், அண்ணன் பெயர் முத்தரசு" என்று காளீஸ்வரி எழுதி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதை வாசித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"என்னவாம், சொல்லு."

"அவுகளுக்கு மொதல்லயே தெரியுமாம்பா. பாஸ்போர்ட்டுல ரெண்டு பேரு இருக்கே, எதைச் சொல்லிக் கூப்பிடன்னு அண்ணன் வந்த அன்னைக்கே கேட்டிருக்காக. 'இது எங்கப்பா பேரு, இதையே கூப்பிடுங்க. நான் இந்தப் பேரைச் சொல்லக்கூடாதுன்னு அவரு உத்தரவு. நீங்க சொல்லலாம்ல, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்ல'ன்னு சிரிச்சாராம்."

கோட்டைச்சாமி சொன்னதை மகன் மீறவில்லை. எட்டு வருடமாக அந்தப் பெயரை அவன் ஒரு தடவையும் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறான். நான் எதற்காக இப்படிப்பட்ட ஒரு வாயை வைத்துக்கொண்டு பிறந்தேன் என்று நினைத்தார்.

"எழுது, ஆத்தா," என்றார்.

"என்னன்னு எழுத?"

"எம்பேரு மட்டும் வேணாம், அவன் பேரு மட்டும் வேணாம். கோட்டைச்சாமி மகன் முத்தரசுன்னு வெட்டச் சொல்லு. மகன்ங்கறதை விட்டுறக் கூடாது. அவுகப்பாதான் இப்பிடிப் போடச் சொன்னாருன்னும் எழுது."

காளீஸ்வரி எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் தமிழில் ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். இன்னொரு தடவையும் வாசிக்கச் சொன்னார். 'மகன்' என்று அவள் இரண்டாவது முறை சொல்லும்போது பச்சைச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அக்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.