வாய் பேசாத மருமகன்

ஆமினா உம்மாவின் மூத்த மருமகன் ஸுஹைரைப் பற்றிக் கிண்ணியாவில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் அவன் மனைவி ஸுல்பிகாவுக்கு வயிற்றெரிச்சல். ஒன்பது வருடமாக அவன் அவள் கண்முன்னே வற்றிக்கொண்டிருக்கிறான். ஊரோ அதைப் பார்த்து அருமையான குணம் என்று மெச்சுகிறது.

அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்கு வந்துவிடுவான். வந்தவன் மாமி வீட்டில் வாய் காட்டாமல், வைத்ததைத் தின்று, ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தால் அவன் தங்கக் கம்பி. ஸுஹைர் அதில் முதலாம் ஆள். காலையில் அக்கரைக்குப் போகும் பாதைப் படகேறித் துறைமுகத்துக்குப் போய்க் கிரேன் ஓட்டுவான். பின்னேரம் வந்து கதிரையில் இருந்து சுவரைப் பார்ப்பான். கறியில் உப்பில்லை என்றாலும் தின்பான், கறியே இல்லை என்றாலும் தின்பான். பெருநாளைக்குச் சட்டை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. பொறுமைசாலி என்றார் ஆமினா உம்மா.

பொறுமையாம், பொறுமை. நாக்கில் ருசி செத்துப்போனவனுக்கு உப்பு எதற்கு? விடியுமுன்னே விழித்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பவனை உம்மா எங்கே கண்டார்? மகள் ஓடிவந்து மடியில் ஏறும்போது அணைக்கக் கை எழும்பவில்லையே என்று அவன் அழுததை யார் கண்டார்?

ஸுல்பிகாவும் முதலில் ஏமாந்தவள்தான். அந்தக் கோபம் அவளுக்குத் தன்மேலும் உண்டு. எழுபத்திரண்டாம் ஆண்டில் ஒருநாள் அவன், "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் லேசு" என்று, தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். அவள் மனநோய் டொக்டர் மாதமொருமுறை வரும் நாள் பார்த்து அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் ஆறுதலாக விசாரித்தார். "இது குணமில்லைப் பிள்ளை, வருத்தம், ஒரு நோய். சிலரைக் காய்ச்சல் மாதிரி ஒரேயடியா விழுத்தும். இவரை வருசக்கணக்கா மெல்ல மெல்லத் தின்னுது. வேலைக்குப் போறார், சாப்பிடுறார் எண்டதால ஒருத்தருக்கும் விளங்கயில்லை" என்றார். குளிசை தந்தார், அதன் பெயரை ஒரு துண்டில் எழுதியும் தந்தார். சுகம் தெரியச் சில கிழமை, ஒரு மாதமாவது, செல்லும், இடையில் நிறுத்தவே கூடாது என்றார்.

ஐந்தாம் கிழமை ஸுஹைர், குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி, "ஆணத்துக்குப் புளி கூடிப்போச்சு" என்றான். ஸுல்பிகா குசினிக்குள் போய் அழுதாள். அந்த வீட்டில் அவன் சொன்ன முதல் குறை அது.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை அசனாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா ஆதம்பாவா, அசனாவுக்கென்று கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, மனைவியோடு வந்து விறாந்தையில் அமர்ந்தார். ஸுஹைருக்குக் குளிசை எடுக்க ஸுல்பிகா அலுமாரியைத் திறந்தாள். போத்தலைக் காணவில்லை.

"உம்மா, குளிசைப் போத்தல் எங்க?"

"கிணத்தடிக் குழியில கொட்டிட்டன்." ஆமினா உம்மா தேத்தண்ணி ஊற்றும் கையை நிறுத்தவில்லை. "விசர் மருந்து வீட்டில கிடக்கிறதக் கண்டா அசனாட கலியாணம் நடக்குமா? மருமகனுக்கு என்ன குறை? ஒரு சொல்லு எதிர்த்துக் கதைக்கிறவரா? நீதான் நல்ல மனுசனுக்கு வருத்தம் எண்டு பேர் வெச்சுத் திரியிறாய்."

டொக்டர் அடுத்து வர இன்னும் பதினெட்டு நாள். ஸுல்பிகாவுக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மகளைக் கரைசேர்க்க இன்னொரு மகளின் புருஷனைத் தள்ளிவிடுகிற தாயை என்னவென்று சொல்வது? ஆனாலும் தங்கையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆமினா உம்மா தேத்தண்ணித் தட்டோடு விறாந்தைக்குப் போய்ப் பெருமையை அவிழ்த்தார். "எங்கட மூத்த மருமகனைப் பாருங்க. வந்து ஒன்பது வருசம், வாய் திறந்து ஒண்டு கேட்டதில்ல. உங்கட மகனும் இப்பிடி இருந்தாப் போதும்."

ஆதம்பாவா திருப்தியோடு தலையாட்டினார். மூலைக் கதிரையில் ஸுஹைர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் ஸுல்பிகாவுக்குப் பொறுக்க ஏலவில்லை. கதவுச் சீலையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவர் பொறுமையில பேசாம இருக்கயில்ல, வருத்தத்தில பேசாம இருக்கார். மருந்து போட்டு இப்பதான் தலை நிமிர்ந்தவர். உங்களுக்குத் தெரியக் கூடாதெண்டு அந்த மருந்த எங்கட உம்மா இண்டைக்குக் குழியில கொட்டிட்டா."

உள்ளறையில் அசனா விம்முவது கேட்டது. ஆமினா உம்மா முகம் வெளிறினாலும் சிரித்துச் சமாளித்தார். "இவ பேய்க்கதை கதைக்கிறா, மனசில எடுக்காதீங்க. மருமகன், நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு ஏதும் வருத்தமா?"

ஒன்பது வருடமாகத் தான் சொன்னதற்கெல்லாம் ஒத்துப்போனவன் இதற்கும் ஒத்துப்போவான் என்று உம்மாவுக்கு நம்பிக்கை. ஸுல்பிகாவுக்கும் அதே பயந்தான். இத்தனை பேர் முன்னால் அவன் இல்லை என்று சொல்லிவிட்டால், இனி எந்த டொக்டரிடமும் அவனைக் கொண்டுபோக முடியாது. அவனை அவள் மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டிவரும்.

ஸுஹைர் எழும்பினான்.

"ஓம் மாமி, வருத்தம்தான்" என்றான். "நீங்க என்னை நல்லவன் எண்டு சொல்லக்குள்ள எல்லாம், நான் எப்பிடிச் சாகிறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

ஆதம்பாவா கோப்பையைக் கீழே வைத்தார். ஸுஹைர் அவரைப் பார்க்கவில்லை.

"டொக்டர் எழுதித் தந்த துண்டை எடு ஸுல்பிகா. பாதைப் படகு விடுறதுக்கு முந்தி வா, டவுனுக்குப் போய் மருந்து தேடுவம்."

ஸுல்பிகா ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னே படியிறங்கி நடந்தாள்.