பாத்திரக்கடைக்காரன் போட்ட ஊசி

செஞ்சிக் கடைத்தெருவில் விக்ரமனிடம் டம்ளர் வாங்கப் போய் குக்கரோடு வீடு திரும்பிய பெண்கள் நிறையப் பேர் உண்டு. அது எப்படி நடந்தது என்று அவர்களுக்கே பிறகு புரியாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் பாலசுப்பிரமணியன், "இவன் பித்தளையத் தங்கம்னு பொய் சொல்ல மாட்டான். பித்தளைன்னு சொல்லியே தங்கம் வெலைக்குத் தள்ளிடுவான்" என்று பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்ட வாய்க்காரன், நாற்பதை நெருங்கும் வயதில், கடையை அண்ணனிடமே விட்டுவிட்டு நர்சிங் படிக்கப் போனால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்துத் தீர்த்தது.

காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல அவனிடம் பெரிய கதை ஒன்றும் இல்லை. அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து செத்தார். கூடவே இருந்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டவன் விக்ரமன்தான். அவ்வளவு நாளும் தனக்கு ஒருமுறைகூட அருவருப்பு வரவில்லை என்பதைக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கவனித்தான். அதற்கப்புறம் பாத்திரம் விற்பதில் பிடிப்பு விட்டுப்போயிற்று. மனைவி காயத்ரி, "கடை மொதலாளின்னு கட்டிக் குடுத்தாங்க. கம்பவுண்டர்னா எங்க நைனா வேற எடம் பாத்திருக்கும்" என்று நொடித்துக்கொண்டாள். மறுநாள் முதல் அவனுக்கு டிபன் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். வயதைப் பெரிதாகப் பார்க்காத ஒரு தனியார் கல்லூரியில், 'அங்கிள்' என்று கூப்பிடும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்து முடித்தான்.

திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேயும் அவன் வாய்தான் அவனைக் காப்பாற்றியது. கஞ்சி வேண்டாம், மாத்திரை வேண்டாம் என்று யார் அடம்பிடித்தாலும் விக்ரமன் கட்டிலோரம் போய் நின்றால் போதும், வேலை முடிந்துவிடும். வார்டு பொறுப்பு நர்ஸ் பூங்குழலி அவனைவிட ரொம்ப இளையவள். "விக்ரம் அண்ணே, மூணாம் பெட்டு மொரண்டு புடிக்குது, வாங்க" என்று நாளுக்கு நாலுமுறை கூப்பிடுவாள். அவனுக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன?

ஒருநாள் மத்தியானம் மேல்சித்தாமூரிலிருந்து ஜினமதி என்ற சமண வீட்டு அம்மாளை அவள் மகன் கூட்டிவந்து சேர்த்தான். காலில் ஆறாத புண், கூடவே சர்க்கரை. காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போடச் சொன்னார் டாக்டர். சமண வீட்டுக்காரர்கள் பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூட வாயில் வைக்க மாட்டார்கள் என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விக்ரமனுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அண்டா குண்டான் அனுப்பியவன் அவன். இருட்டுவதற்குள் பந்தி முடிய வேண்டுமே என்று வண்டிக்காரனை விரட்டியவனும் அவன்தான்.

அன்று ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி வெகுநேரம் கழித்து, மகன் மாற்றுத் துணி எடுத்துவர ஊருக்குப் போயிருந்த சமயத்தில், விக்ரமன் ஊசியோடு வந்தான்.

"பொழுது போயிடுச்சு தம்பி. காலையில போட்டுக்கறேன்" என்றாள் ஜினமதி.

"வாய் வழியா போனாத்தான மா பொழுதுக் கணக்கு? இது தோலுக்கு அடியில போறது. கொசு கடிச்சா இன்னா பண்ணுவீங்க, விடியட்டும், அப்புறம் வந்து கடின்னா சொல்லுவீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

"சாப்டீங்களா?"

"அதெல்லாம் ஆயிடுச்சு."

எப்போது என்று அவன் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. மகன் கொண்டுவந்த சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டிருப்பாள், இனி விடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தது அந்த நேரத்துக்கு உதவவில்லை. மனசெல்லாம் ஊசியை அவள் தலையில் எப்படிக் கட்டுவது என்பதிலேயே இருந்தது. கட்டிவிட்டான். சந்தோஷமாக அடுத்த கட்டிலுக்குப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துக் கட்டில்காரி கூப்பிட்டாள். ஜினமதி தெப்பலாக வேர்த்துக் கிடந்தாள். கை நடுங்கியது. என்னவோ உளறினாள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. விக்ரமனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பின்னால் சாப்பாடு வராத வயிற்றுக்கு இன்சுலின் போட்டிருக்கிறான்.

பூங்குழலி டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடினாள். இந்தக் கையில் குத்தினாள், அந்தக் கையில் குத்தினாள். ஒன்றும் அகப்படவில்லை. "டாக்டர் வந்துட்டு இருக்காரு. நெனவு இருக்கறப்பவே வாயால குடுத்துருங்க அண்ணே, நெனவு தப்பிட்டா குடுக்க முடியாது" என்றாள்.

விக்ரமன் குளுக்கோஸ் தண்ணீரை ஜினமதியின் உதட்டருகே கொண்டுபோனான். உதடு இறுக மூடிக்கொண்டது. உளறுகிறவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை.

"மருந்துன்னு நெனச்சிக்குங்க மா." தலை ஆடியது.

"ஒரே ஒரு வாய் மா. உங்க பையன் இப்ப வந்துடுவாரு, இன்னான்னு சொல்லுவேன்?" தலை ஆடியது.

உயிருக்கு ஆபத்து என்றால் குற்றமில்லை என்று சாமியாரே சொல்லியிருக்கிறார் என்றான். எந்தச் சாமியார் என்று அவனுக்கே தெரியாது. கடையில் பதினெட்டு வருஷம் பேசிய பேச்செல்லாம் அந்த மூடிய உதட்டுக்கு முன்னால் செல்லாக்காசாகப் போனது. அவள் கண் மேலே செருக ஆரம்பித்தது.

அவன் தரையில் மண்டி போட்டான். அழுகை வந்துவிட்டது.

"மா, நீங்க அப்பவே சாப்ட்டு முடிச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டுட்டேன். உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா கொன்னவன் நானு. நான்தான் மா கொன்னவன்."

ஜினமதியின் இமை திறந்தது. தண்ணீரில் இருக்கும் பூச்சிகூடச் சாகக்கூடாது என்று துணியில் வடிகட்டிக் குடிக்கிற வீட்டுக்காரி. எங்கேயோ போய்க்கொண்டிருந்தவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். டம்ளர் காலியாகும்வரை மூடவில்லை.

டாக்டர் வந்தபோது வேர்வை அடங்கியிருந்தது. விக்ரமன் தானே போய் நடந்ததைச் சொன்னான். டாக்டர் வார்டே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் மறுபடியும் பாத்திரம் விற்கப் போக வேண்டியதுதான் என்றார். இரவு ஊசியை அவள் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி எழுதினார்.

காலையில் ஜினமதி இட்லியை ஒதுக்கி வைத்துவிட்டாள். விரதம் முறிந்ததற்குப் பரிகாரமாக நாளை விடியும்வரை பட்டினியாம். மகன் கெஞ்சிப் பார்த்துவிட்டு, "எறும்ப மிதிச்சாலே பட்டினி கெடக்கறவங்க, கேக்க மாட்டாங்க" என்று சொல்லி டாக்டரைப் பார்க்கப் போனான். இன்சுலின் கிடையாது, சர்க்கரையை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

விக்ரமன் பரிசோதிக்கும் கருவியோடு அவள் பக்கத்தில் போய் நின்றான். தலை நிமிரவில்லை.

"எனக்கோசரம்னா குடிச்சிருக்க மாட்டேன்" என்றாள் அவள். "கண்ணாலம் ஆன நாள்லேந்து காப்பாத்தினது. உன் மேல பாவம் வரக்கூடாதுன்னு குடிச்சேன். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நெசமாவே அழுதியா? இல்ல, என்னக் குடிக்க வெக்கறதுக்காகவா?"

'சத்தியமா நெசமா அழுதேன் மா' என்ற பதில் தயாராக இருந்தது. சொன்னால் நம்பியிருப்பாள். பயந்ததும் நிஜம், அழுததும் நிஜம். ஆனால் அழுகைக்கு நடுவிலும் அவன் அவள் முகத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தான். 'கொன்னவன்' என்று சொன்னதும் இமை அசைந்ததைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் அதே சொல்லை இரண்டாவது தடவை சொன்னான்.

"ரெண்டும்தான் மா" என்றான்.

ஜினமதி அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமா, வருத்தமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, குத்திப் பார்ப்பதற்கு விரலை நீட்டினாள்.