படியேறி வந்த மெட்டு

சட்டை கருகிய வாடை வந்த பிறகுதான், இஸ்திரிப் பெட்டியை அதன் மேலேயே வைத்துவிட்டு நிற்பது அவளுக்கு உறைத்தது. மறுநாள் கணவன் போட வேண்டிய சட்டை. சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். அப்பாவின் மெட்டு. அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு அம்மா மகள் வீட்டோடு வந்து சில வாரங்கள்தான். வரும்போது அந்த மனிதரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஊருக்கெல்லாம் தங்கமான மனிதர் அப்பா. பஸ் டிப்போவில் மெக்கானிக். யார் வீட்டில் எது ரிப்பேரானாலும் ஓடுவார். பொறுமையெல்லாம் வெளியாருக்கே செலவாகிவிடுமோ என்னவோ, வீட்டுக்கு மிச்சம் இருக்காது. நல்ல நாளில் சத்தமில்லாமல் வருவார். சீட்டியடித்துக்கொண்டு படியேறினால் அன்றைக்கு அடி நிச்சயம். கீழ்ப்படியில் அந்த மெட்டு கேட்டதுமே அம்மா அடுப்பை அணைப்பாள். மகளைக் குளியலறைக்குள் தள்ளி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். வாளி நிரம்பி வழியும், குழந்தை ஈரத்தில் நிற்பாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று அம்மாவுக்கு நினைப்பு. பாதி கேட்கும்.

இப்போது அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. இயந்திரம் நாள் முழுக்கக் கீச்சிடும். கூட வேலை செய்பவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொள்வார்கள், அவள் மாட்டிக்கொள்வதில்லை. எந்தப் பாட்டின் எந்த வளைவில் அப்பா ஒளிந்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? தன் கல்யாணத்தில்கூடப் பாட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி, கஞ்சப் பிசினாறி என்று பெயர் வாங்கியவள் அவள்.

"அந்தப் பாட்ட நிறுத்தும்மா."

அம்மா சோப்பு நுரையோடு திரும்பினாள். பாடிக்கொண்டிருந்ததே அவளுக்குத் தெரியாது போல. மகள் விடவில்லை. அடித்தவன் செத்த பிறகும் அவன் பாட்டை வாயில் போட்டுக் கொஞ்சுகிறாயே, உனக்கு ரோஷமே கிடையாதா, இப்படித்தான் இருப்பாய் என்றால் அண்ணன் வீட்டுக்கே போய்விடு என்று கொட்டித் தீர்த்தாள். அண்ணன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டால்தான் கிடைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது அவரு பாட்டு இல்லடி. என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடி நானா இட்டுக்கட்டினது. துணி மடிக்கறப்ப பாடுவேன். வந்த புதுசுல கேட்டுட்டு நல்லாருக்குன்னாரு. அப்புறம் அவரே எடுத்துக்கிட்டாரு."

மகள் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள்.

"இப்பதான் திரும்ப வருது. நடுவுல ஒரு எடம் மட்டும் இன்னும் பிடிபடல," என்றாள் அம்மா, ஏதோ சாவியைத் தேடுகிறவள் மாதிரி.

அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் காது நியாயம் பார்க்கவில்லை. அதற்கு இன்னும் அது படியேறி வந்த மெட்டுதான்.

"உன்னோடதாவே இருக்கட்டும்மா. என்னால கேக்க முடியல."

"சரி," என்றாள் அம்மா. மிச்சப் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் கழுவி வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்த மெட்டு கேட்கவில்லை. அம்மா நடப்பதும் கேட்கவில்லை. விருந்தாளி மாதிரி, எதையும் கேட்காமல் எதற்கும் தலையாட்டினாள். மகளுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் தண்ணீர்ச் சத்தம். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குழாய் முழுசாகத் திறந்திருக்க, வாளி வழிந்து கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது. விழுந்து கிழுந்து வைத்தாளோ என்று பதறி ஓடி, தட்டக் கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அம்மாவின் குரல். எதுவும் கேட்காது என்று அவளுக்கு இன்னமும் நினைப்பு.

மெட்டு மெல்ல மேலேறி, நடுவில் ஓரிடத்தில் தடுக்கி நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது, மறுபடி அங்கேயே நின்றது. அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று மகளுக்குத் தெரியும். படிக்கட்டில் அப்பாவின் சீட்டி அந்தத் திருப்பத்துக்கு வந்தால், அடுத்தது கதவுதான்.

கதவில் வைத்த கையை எடுக்காமல், அந்தத் திருப்பம் வாயில் வந்துவிடாமல் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, வழிந்து வந்த தண்ணீரில் அவள் நின்றாள். உள்ளே அம்மா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.