கழுத்து வலி மட்டும்தானுங்க

என் வீட்டுக்காரர் மோகன்குமாருக்குக் கழுத்தில் டக்கென்று ஒரு சத்தம் வேண்டியிருந்தது. ஆறு மாதமாகக் கழுத்து வலி. யார் யாரோ யார் யார் கழுத்தையோ டக்கென்று திருப்புவதையும், திருப்பப்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்து சிரிப்பதையும் போனில் ராத்திரி பகலாகப் பார்த்தார். கடைசியில் பீளமேட்டில் ஓர் ஆஸ்டியோபதி கிளினிக்கைக் கண்டுபிடித்தார். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, எலும்பையும் தசையையும் கையாலேயே தொட்டுப் பார்த்துச் சரி செய்வார்கள் என்றார். எனக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆசைதான். கூடவே கிளம்பினேன்.

ஆட்டோவில் போகும்போதே கட்டளை வந்தது. "வாயைத் தொறக்காத லோகு. அவிங்களே கையை வெச்சுக் கண்டுபுடிக்கட்டும். நாமளே எல்லாத்தையும் சொல்லிப்போட்டா அப்பறம் அவிங்க எதுக்கு?"

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இது பழக்கம். வைத்தியரிடம் கையை நீட்டுவோம். நோவைச் சொல்ல மாட்டோம். சொல்லாமலே கண்டுபிடித்தால் கெட்டிக்காரர், கேட்டால் கற்றுக்குட்டி. என் மாமனார் ஒரு வைத்தியரிடம் நல்ல காலை நீட்டிச் சோதித்தவர். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு போனபோது எத்தனையாவது மாதம் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "நீங்களே பாருங்க" என்றவள்.

ஆஸ்டியோபதி டாக்டரின் பெயர் ரம்ஷா. முப்பது வயதுகூட இருக்காது. சாம்பல் நிற முக்காடு, ஒட்ட நகம் வெட்டிய விரல்கள். அந்த விரல்கள் அவரைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் கேள்வி. எப்படிப் படுப்பீர்கள், எப்போதாவது விழுந்தீர்களா, கை கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"கழுத்து வலி மட்டும்தானுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கற்றுக்குட்டி என்று அர்த்தம்.

பிறகு அவரை நிற்க வைத்துப் பின்னாலிருந்து பார்த்தாள். முதுகில் கையை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னாள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவள் நான். அந்தக் கை எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அடுத்து கழுத்துதான் என்று நான் நிமிர்ந்து உட்கார, அவள் அவருடைய நடுவிரலைப் பிடித்து நகத்தைச் சுண்டிவிட்டாள். கட்டைவிரல் தானாக உள்ளே மடிந்தது. மறுபடி சுண்டினாள், மறுபடி மடிந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் விரலை நானே சுண்டிப் பார்த்தேன். கட்டைவிரல் சும்மா கிடந்தது.

"பத்து செகண்டுல எத்தனை தடவை முடியுமோ, கையை மூடி மூடித் தொறங்க சார்."

ஒன்பது தடவை. கடைசி இரண்டில் விரல்கள் பாதிகூட விரியவில்லை. நான் மடியில் வைத்துச் செய்து பார்த்தேன். இருபத்து நான்கு. என் வேடிக்கை அத்தோடு போயிற்று. மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்துகிற மனிதர். தலைமுடி கனத்துக் காப்பர் கம்பியை அவர் சுற்றினால் ஒரு சுற்றுகூடப் பிசகாது. அந்தக் கையா இது?

"வேலை செய்யறப்ப கம்பி நழுவுதுங்களா?" என்று கேட்டாள்.

"கழுத்து வலி மட்டும்தானுங்க." இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டவில்லை.

ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலை ஒட்டினாற்போல நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள். நாலாவது அடியில் சாய்ந்து சுவரைப் பிடித்தார்.

ரம்ஷா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "சார், உங்க கழுத்தை நான் திருப்ப மாட்டேனுங்க. உள்ள தண்டுவடம் நசுங்குதோன்னு சந்தேகமா இருக்கு. அப்படி இருந்து, திருப்பினா, கை கால் விழுந்துபோகலாம். எம்ஆர்ஐ எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். இன்னைக்கே நரம்பு சர்ஜனைப் பாருங்க. லெட்டர் தாரேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். "கோபியில சுளுக்கு எடுக்கறவரு ஒருத்தர் இருக்கறாருங்க. ரெண்டே நிமிசத்துல எடுத்துப்போடுவாரு. வா லோகு."

அவள் கோபப்படவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டி, "அக்கா, நீங்க ஏதாச்சும் வித்தியாசம் பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்திருந்தேன். மூன்று மாதமாகச் சட்டையை விட்டுவிட்டு டீ-ஷர்ட்தான். இந்த வயதில் மாப்பிள்ளைக் கோலமா என்று கிண்டல் செய்தவள் நான். பொத்தான் போட முடியவில்லை என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. சொல்ல வாயெடுத்தேன். அவர் முறைத்தார். இருபத்தைந்து வருடப் பழக்கம், வாய் தானாக மூடிக்கொண்டது. அதற்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடிதத்தோடு அவர் பின்னால் ஓடினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். பாதியில் இடது கால் செருப்பு கழன்று படியிலேயே நின்றுவிட்டது. திரும்பி எடுப்பார் என்று பார்த்தேன். அவர் பாட்டுக்கு இறங்கிப் போய், சித்திரை வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் நின்று ஆட்டோவுக்குக் கையைக் காட்டினார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தார்.

"இது எப்பக் கழண்டுச்சு?"

"மேலயேங்க. கால் சுடலீங்களா?"

வந்து நின்ற ஆட்டோவை அவரே போகச் சொன்னார். "போன ஆடி நோம்பியில இருந்தே இப்படித்தான், அம்மணி" என்றார். "பயமா இருந்துச்சு." அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவென்று பாராமல் உட்கார்ந்து செருப்பை அவர் காலில் மாட்டினேன்.

"மேல வாங்க. நான் பேசறேன்."

"வேண்டாம். நானே சொல்றேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ரம்ஷா ஒன்றும் கேட்கவில்லை, அவரே ஆரம்பித்தார். கம்பி நழுவுவது, சாவி விழுவது, இருட்டில் தரை எங்கே என்று தெரியாதது, பாத்ரூமில் இரண்டு தடவை விழுந்தது. ரம்ஷா எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரே கட்டிலில் படுக்கும் எனக்கு அதில் பாதிக்கு மேல் புதிது.