மணி அடிக்க வேண்டாம்

பிரிட்டா வீட்டு வாசலில் இருந்த ஐஸ்பெட்டியைத் திறந்தால் உள்ளே இடமே இல்லை. லாவோன் வைத்துவிட்டுப் போன கோழி சூப், பாதிரியார் மனைவியின் ரொட்டி, யாரோ சுட்ட ஆப்பிள் பை, எல்லாம் கல்லாக உறைந்து கிடந்தன. ஒன்றுகூட வீட்டுக்குள் போகவில்லை.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த வீட்டுக்கு ஊரே முறைபோட்டுச் சமைத்து அனுப்புவது எங்கள் சர்ச்சில் வழக்கம். கொண்டுபோகிறவர் வாசல் பெட்டியில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிவிட வேண்டும். மணி அடிக்கக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, குழந்தையைக் கொஞ்சுகிறேன் பேர்வழி என்று உள்ளே போய் உட்காரக்கூடாது. பெற்றவள் தூங்க வேண்டுமே. முறையை நடத்துகிற லாவோன் இந்த விஷயத்தில் போலீஸ்காரி மாதிரி. பிரிட்டாவின் புருஷன் லார்ஸ் கதவில் ஒட்டியிருந்த தாள் அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. 'தாயும் சேயும் தூங்குகிறார்கள். மணி அடிக்க வேண்டாம். நன்றி.' "எவ்வளவு பொறுப்பான பையன் பாரு வெர்னா," என்று என்னிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். மரியாதை தெரிந்த ஜனங்களாயிற்றே நாங்கள்.

என் கையில் சாப்பாட்டோடு ஒரு தலையணையும் இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகளும் கத்தி வைத்துத்தான் வெளியே வந்தார்கள். இருமினால், தும்மினால், ஏன், சிரித்தால்கூட வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளாவிட்டால் உயிர் போய்விடும். அதனால் ஊரில் எவளுக்கு வயிறு கிழித்தாலும் நான் ஒரு தலையணை தைத்துக் கொடுப்பேன். அது பெட்டியில் நுழையாது. பின்கதவில் மாட்டிவிட்டுப் போகலாம் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

விறகுக் கொட்டகையிலிருந்து பின்கதவு வரை பனியில் செருப்புத் தடம். சின்னக் கால். இரண்டு அடி வைத்து நின்றிருக்கிறது, மறுபடி இரண்டு அடி. ஒரு கால் இழுத்திருந்தது. தடத்தின் ஓரமாகச் சிவப்புச் சொட்டுகள். வருஷா வருஷம் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவள் நான். குண்டு பட்டு ஓடிய மானை இப்படித்தான் பனியைப் பார்த்துப் பார்த்துத் தொடர்வோம். இந்தப் பெண் எங்கே நின்றாள், எங்கே விறகைக் கீழே போட்டாள், எங்கே முட்டி போட்டுப் பொறுக்கினாள் என்பதெல்லாம் எனக்கு அச்சடித்த மாதிரி தெரிந்தது. தட்டவில்லை, கதவைத் திறந்துகொண்டு போனேன்.

பிரிட்டா சமையலறைத் தரையில் மண்டியிட்டு, சிதறிய விறகை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். இரவு உடுப்பின் முன்பக்கம் அடிவயிற்றுக்கு நேரே நனைந்து சிவந்திருந்தது. உள் அறையில் குழந்தை கத்துகிறது. லார்ஸ் மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில், நான் நடத்திய சர்ச் ஞாயிறு வகுப்பில் என் எதிரே உட்கார்ந்து வண்ணம் தீட்டிய அதே பிள்ளை.

"ஏன்டா, தையல் போட்ட வயித்தோட இவளா விறகு தூக்கணும்? அறிவிருக்கா உனக்கு?"

அவன் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே வெர்னா, படிக்கலையா?"

"ரத்தம் வருதுடா."

"எங்கம்மா அஞ்சு பெத்தா. பெத்த மறுநாள் மாட்டுக்குத் தீவனம் போட்டா. இவ பெக்கக்கூட இல்ல. காலை நீட்டிப் படுத்திருந்தா, டாக்டருங்க அறுத்து எடுத்துக் குடுத்தானுங்க. அதுக்கு ஊரே சோறு கட்டி அனுப்புது. அந்தப் பிச்சைய உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். வலி மாத்திரையும் வேணாம்னு அடுப்புல போட்டுட்டேன்."

நான் குனிந்து பிரிட்டாவின் தோளைப் பிடித்தேன். அதற்குள் அவன் எழுந்து வந்துவிட்டான். "எந்திரி. வந்தவங்களுக்கு நாடகம் காட்டாத," என்று அவள் தலைமுடியைக் கொத்தாகப் பற்றித் தூக்கினான். அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் வயிறு வேண்டும். வாயை மட்டும் திறந்தாள், காற்றுதான் வந்தது. நான் குறுக்கே விழுந்தேன். என்னை ஒரு தள்ளு தள்ளினான். விழாமல் இருக்க ஊன்றிய இடம் விறகடுப்பு. என் உள்ளங்கை கருகுகிற வாடை எனக்கே வந்தது.

அந்தக் கையாலேயே தரையில் கிடந்த ஒரு பிர்ச் விறகுக் கட்டையை எடுத்து அவன் முகத்தில் வீசினேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. பொய் சொல்லமாட்டேன், நன்றாக இருந்தது. இன்னொன்று முழங்காலில் போட்டேன். பின்கதவு நிலைப்படிக்குக் குறுக்கே சரிந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கெல்லாம் ரத்தம்.

எழுந்தால் எங்கள் இருவரையும் கொன்றுவிடுவான் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு துண்டை எடுத்து அவள் அடிவயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். குழந்தையை இரண்டு போர்வையில் சுற்றி, காரில் பூட்டுகிற குழந்தைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேணாம் வெர்னா. நீங்க போயிடுங்க. நான் திரும்பி வர்றப்ப இவர் சும்மா விடமாட்டாரு."

"அப்ப திரும்பி வராத."

அவள் அடுப்பைப் பார்த்தாள், சிதறிய விறகைப் பார்த்தாள். அதைப் பொறுக்கி அடுக்காமல் எப்படிப் போவது என்று யோசிப்பவள் போலத்தான் இருந்தது எனக்கு. ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

தரையில் கிடந்தபடியே லார்ஸ் சொன்னான். "போறவ போ. புள்ளைய வெச்சிட்டுப் போ. அது என்னுது. அறுத்துப் போட்ட தோலு மட்டும்தான் உன்னுது."

பிரிட்டா கதவை நோக்கி நடந்தாள். அவன் கால்கள் குறுக்கே கிடந்தன. அறுத்த வயிற்றோடு காலை அவ்வளவு உயரம் தூக்க முடியாது, எனக்குத் தெரியும். அவள் தன் தொடையைத் தன் கையாலேயே பிடித்து, ஒரு மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். இரண்டாவது காலைத் தூக்கும்போது அவன் அவள் உடுப்பின் விளிம்பைப் பிடித்தான். அவள் இழுத்துப் பார்க்கவில்லை. தூக்கிய காலை நிதானமாக அவன் கைமேல் இறக்கி, முழு உடம்பையும் அதில் நிறுத்தினாள். ஏதோ நொறுங்கியது. அவன் அலறினான். பிறகு வெளியே இறங்கினாள்.

காரில் ஏற்றி, தலையணையை வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கொடுத்தேன். குழந்தைக் கூடையைப் பின்சீட்டில் பூட்டிக் கதவுகளை அடைத்ததும் லார்ஸ் நொண்டிக்கொண்டு வந்துவிட்டான். உடையாத கையால் பிரிட்டா பக்கத்துக் கண்ணாடியில் ஓங்கி அறைந்தான். "இறங்கு. இறங்குடி சொல்றேன்." நான் கியரைப் போட்டேன். சக்கரம் பனியில் சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அவன் இன்னொரு தரம் அறைந்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல், "நிறுத்தாதீங்க," என்றாள். சக்கரம் பிடித்துக்கொண்டது.

பண்ணைச் சாலையில் ஏறினோம். அவள் பக்கத்துக் கண்ணாடியில் அவன் கை ஐந்து விரலோடு ரத்தமாகப் பதிந்து, அந்தக் குளிரில் அப்படியே உறைந்திருந்தது. வெளியே போகிற வயலெல்லாம் அதன் வழியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னால் திரும்பிப் போர்வை குழந்தையின் முகத்தை மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். தலையணையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் கண்ணாடியின் பொத்தானை அமுக்கினாள். மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் என்று அந்தக் கைத்தடம் கதவுக்குள் இறங்கிப் போயிற்று. காற்று ஊசியாக உள்ளே பாய்ந்தது. அவளுக்கு இருமல் வந்தது, தலையணையை இறுக்கிக்கொண்டு இருமினாள். கண்ணாடியை ஏற்றவில்லை. நானும் ஏற்றச் சொல்லாமல், ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு ஓட்டினேன்.