பச்சை விசில்

கயிறு கட்டிச் சதுரமாக்கிய கடற்கரை மணலில் பிள்ளைகள் மண்டியிட்டுச் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மணல் இறங்கியதும் குப்பை மேலே நின்றது: பாட்டில் மூடி, அறுந்த வலைநூல், அரிசியளவு பிளாஸ்டிக் துணுக்குகள். அறிவியல் டீச்சரின் கழுத்தில் பச்சை விசில் தொங்கியது. கரையில் அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். விசில் கேட்டால் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, சத்தம் வந்த பக்கம் ஓடிவர வேண்டும். அந்தக் கடல் முழங்கால்வரை சாது. அதற்கப்புறம் திடீரென்று தரையே இருக்காது.

"டீச்சர், பிளாஸ்டிக் சாகவே சாகாதுன்னீங்களே. அப்போ எங்க பேரப்பிள்ளைங்க போடுற பாட்டிலும் இதுல வருமா?" கேட்டவளுக்கு வகுப்பில் வக்கீல் என்று பெயர்.

"இன்னும் செய்யாத பாட்டில் எப்படிம்மா வரும்? வாயை விட்டுட்டு கையை ஆட்டு."

கை ஆடியது. சற்று நேரத்தில் நின்றது.

"டீச்சர், உங்க விசில்."

டீச்சரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. விசில் அங்கேதான் இருந்தது. சல்லடையில் கிடந்ததும் விசில்தான். வெளுத்து, ஓரம் தேய்ந்திருந்தது; உள்ளே பொடிச்சிப்பிகள் குடியேறியிருந்தன. கடையில் இதுபோல் ஆயிரம் விற்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வக்கீல் அதைத் திருப்பிக் காட்டினாள். ஊதும் முனையில் ஒரு பள்ளம். யோசிக்கும்போதெல்லாம் டீச்சரின் தெற்றுப்பல் கடிக்கும் அதே இடம். வளையத்துக்குப் பக்கத்தில், யாருடையதோடும் மாறிவிடக் கூடாதென்று சூடான ஊசியால் அவள் குத்திய மூன்று புள்ளிகள். போன வாரம்தான் குத்தினாள்.

பிள்ளைகளைக் கூட்டிவந்த வேன் டிரைவர் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "ரொம்ப வருஷம் தண்ணில கெடந்திருக்கு டீச்சர்." பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார். சிரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. விசிலை வக்கீலிடமே கொடுத்துவிட்டார். அவள் அதைக் கழுவ அலைப்பக்கம் போனாள்.

அத்தனை வருஷம் கடலில் கிடக்க வேண்டுமென்றால், கழுத்தில் தொங்கும் இது ஒருநாள் கடலில் விழுந்தாக வேண்டும். விசில் தானாக நடந்துபோய் விழாது. அவ்வளவு ஆழத்துக்கு அவள் எதற்காகப் போயிருப்பாள்? யாரைப் பிடிக்க? சதுரத்தில் குனிந்திருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு விசிலைக் கழற்றினாள்.

"அண்ணே, இதை வேன்ல வெச்சுப் பூட்டிடுங்க."

"அப்போ பசங்களை எதால கூப்பிடுவீங்க?"

டீச்சர் அதை மறுபடி மாட்டிக்கொண்டாள். போதும், கிளம்பிவிடலாம். விசிலை வாயில் வைத்தாள். பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

அவள் மூச்சை விடுமுன்பே விசில் கேட்டது. மெல்லிசாக, நனைந்த சத்தம்.

"டீச்சர், இது இன்னும் வேலை செய்யுது!" அலைக்குள் நின்று வக்கீல் மறுபடி ஊதினாள்.

சல்லடைகள் விழுந்தன. பிள்ளைகள் பழக்கப்படி சத்தம் வந்த பக்கம் ஓடினார்கள். டீச்சரும் மூச்சு முட்ட ஊதினாள். இரண்டும் ஒரே குரல். முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார்கள். அவர்களுக்கு அப்பால் போய்க் கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே நிற்க அவள் ஓடினாள். கால் எதையும் தொடாதபோதுதான் குனிந்து பார்த்தாள். கயிறு மட்டும்தான் கழுத்தில் இருந்தது. விசில் அவளுக்கு முன்னால், தண்ணீர்மேல், பச்சையாக மிதந்துகொண்டிருந்தது.